காமன் பூலில் கிடக்கும் பையன்

ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு எக்செல் வந்து விழும். "காமன் பூலில் உள்ள மாணவர் விவரம். இன்று மாலைக்குள் சரிசெய்து அறிக்கை அனுப்பவும். மிக அவசரம்." மிக அவசரம் இல்லாத எதுவும் அந்தக் குழுவில் இதுவரை வந்ததில்லை.

ஆசிரியர் அல்லாதவர்களுக்குக் காமன் பூல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் என்ற இணையதளத்தில் ஓர் எண் உண்டு. பிள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு போகும்போது பழைய பள்ளி அந்த எண்ணைத் தன் கணக்கிலிருந்து விடுவித்துப் பொதுவான ஒரு தொகுப்பில் போட்டுவிடும். அதுதான் காமன் பூல். புதிய பள்ளி அங்கிருந்து தேடி எடுத்துத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை. பல பிள்ளைகள் அங்கே இரண்டு நாள் இருப்பார்கள். சிலர் வருஷக்கணக்காகக் கிடப்பார்கள்.

எங்கள் பெயருக்கு நேராக அப்படி ஒரு பையன் மூன்று வருஷமாகக் கிடக்கிறான். எட்டாம் வகுப்பு முடித்தவன். அப்பா அம்மா இருவரும் கட்டட வேலை. எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டம். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெங்களூரு போய்விடலாம். அவர்களும் அப்படித்தான் போனார்கள். எமிஸில் இருக்கும் போன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஊரில் இருக்கும் பாட்டியைப் போய்ப் பார்த்தேன். "அங்கதான் கன்னடப் பள்ளிக்கூடத்துல போடறேன்னான் மவன். போட்டானா என்னன்னு தெரியல சாமி" என்றார்.

போட்டிருந்தால் அவன் இப்போது கர்நாடகத்தின் சாட்ஸ் என்ற தளத்தில் வேறோர் எண்ணோடு இருப்பான். எமிஸுக்கு சாட்ஸைத் தெரியாது, சாட்ஸுக்கு எமிஸைத் தெரியாது. ஓசூர் தாண்டினால் எங்கள் எண் செல்லாது. இரண்டுக்கும் மேலே நாடு முழுக்கப் பள்ளிக் கணக்கெடுக்கும் ஒன்றிய அரசின் யுடைஸ் தளம் இருக்கிறது. அதில் பென் என்று நாடு முழுமைக்கும் ஒரே எண் கொடுக்கிறார்கள். பெங்களூருப் பள்ளி அவனுடைய பழைய பென் எண்ணைக் கேட்டு வாங்கிச் சேர்த்திருந்தால் இங்கே தெரிந்துவிடும். கேட்காமல் புதுப் பிள்ளையாகச் சேர்த்திருந்தால் தெரியாது. அந்தத் தளத்தில் எங்கும் சேராத பிள்ளைகள் கிடக்கும் இடத்துக்குப் பெயர் ட்ராப் பாக்ஸ். ஆக என் பையன் மாநிலத்தின் பூலிலும் இருக்கிறான், டெல்லியின் பெட்டியிலும் இருக்கிறான். பெங்களூருவில் ஏதாவது ஒரு வகுப்பில் முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம். சித்தாள் வேலைக்கும் போயிருக்கலாம். கம்ப்யூட்டர் திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

நான் கணக்கு வாத்தியார். கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று ஒருமுறை பெயர் வாங்கியதற்குத் தண்டனையாகப் பல வருஷம் எமிஸ் வேலை என் தலையில். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் யாருடைய ரத்த வகையையோ ஏற்றிக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. அந்த எரிச்சலோடு சேர்த்தே சொல்கிறேன், பிள்ளைகளின் விவரம் பள்ளியிலிருந்து கல்லூரி வரை, ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குத் தொடர்ந்து போக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. பழைய முறையைப் பார்த்தவன் நான்.

பழைய முறை என்றால் சேர்க்கை நீக்கல் பதிவேடும் டி.சி. புத்தகமும். டி.சி.யைக் கிழித்துக் கொடுத்தபின் அடிக்கட்டை எங்களிடம் இருக்கும். "பள்ளியை விட்டு நீங்கியதற்கான காரணம்" என்ற இடத்தில் இரண்டே பதில்தான். மேற்படிப்பு, அல்லது பெற்றோர் விருப்பம். ஓடிப்போனவன், வேலைக்குப் போனவன், கல்யாணம் ஆனவள் எல்லாரும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுவார்கள். நடத்தை எல்லாருக்கும் நன்று.

அந்தக் காலத்துத் தலைக்கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிட நிர்ணயம். இரண்டு பிள்ளை குறைந்தால் ஒரு வாத்தியார் உபரி. அதனால் வராத பிள்ளையின் பெயர் ரிஜிஸ்டரில் கொஞ்ச நாள் கூடுதலாகவே உயிரோடு இருக்கும். அதே பிள்ளை பக்கத்து ஊர் நர்சரிப் பள்ளிக் கணக்கிலும் இருக்கும். யாரும் இதைப் பெரிய குற்றமாக நினைத்ததில்லை. 2022-23 முதல் யுடைஸ் வெறும் எண்ணிக்கை கேட்பதை விட்டுவிட்டுப் பெயர்வாரியாகக் கேட்க ஆரம்பித்தது. அதற்கு முந்தைய வருஷங்களில் 26 கோடிக்கு மேல் இருந்த நாட்டின் மொத்த மாணவர் எண்ணிக்கை 2023-24இல் 24.8 கோடி என்று வந்தது. முறை மாறியதால் பழைய கணக்கோடு அப்படியே ஒப்பிடக் கூடாது என்று அமைச்சகமே சொன்னது. நிஜமாகவே படிப்பை விட்டவர்கள் எத்தனை, இரண்டு இடத்தில் எண்ணப்பட்டவர்கள் எத்தனை என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் பழைய ரிஜிஸ்டர்தான் நினைவுக்கு வந்தது.

சரி, என் சொந்தக் கணக்குக்கு வருகிறேன். என்னிடம் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. 2018இல் பத்தாம் வகுப்பு முடித்த என் வகுப்பின் 38 பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். அந்த வருஷம் எங்கள் வகுப்பில் எல்லாரும் பாஸ். அந்தப் பெருமையில் எழுத ஆரம்பித்தேன். யார் எங்கே சேர்ந்தார், இப்போது என்ன செய்கிறார் என்று தெரியவரும்போது பக்கத்தில் பென்சிலால் குறிப்பேன். எமிஸில் பார்த்து, சந்தையில் விசாரித்து, கோயில் திருவிழாவில் கேட்டு 23 பேருக்கு எழுதிவிட்டேன். 15 இடம் காலி.

நான் எத்தனை வருஷமாக மேலே விவரம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துப் பாருங்கள். உயரம், எடை, வங்கிக் கணக்கு, காலணி அளவு, தாய்மொழி, மாற்றுத்திறன், வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம். ஆனால் "உங்களிடம் படித்த 38 பேரில் இத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்" என்று ஒரு வரி மேலே இருந்து எனக்கு இதுவரை வந்ததில்லை. கணக்கில் தடுமாறுகிற பையனை ஐ.டி.ஐ.க்குப் போகச் சொல்வதா, முட்டி மோதி பிளஸ் ஒன் சேரச் சொல்வதா என்று ஒவ்வொரு மே மாதமும் பெற்றோர் என்னைக் கேட்கிறார்கள். இதற்கு முன் நான் அப்படிச் சொல்லி அனுப்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமலேதான் பதில் சொல்கிறேன்.

தெரியாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ஒரு பிள்ளை எத்தனை அலுவலகங்களைத் தாண்டிப் போகிறது என்று பாருங்கள். அங்கன்வாடியில் இருக்கும்போது சமூக நலத்துறை. அங்கே போஷன் டிராக்கர் என்று தனிச் செயலி. ஒன்றாம் வகுப்பில் எங்களிடம் வரும்போது புதிதாகப் பிறந்தவன் மாதிரி மறுபடியும் பெயர், பிறந்த தேதி. பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போனால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். ஐ.டி.ஐ. போனால் அது வேலைவாய்ப்பு, பயிற்சித் துறை, தொழிலாளர் நலத்துக்குக் கீழே வருவது. நர்சிங் என்றால் மக்கள் நல்வாழ்வு. வேளாண்மை படித்தால் வேளாண் துறை. கலைக்கல்லூரி என்றால் உயர்கல்வித் துறை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துக்கொண்டிருந்த ஒருவனை "பதினொன்றாம் வகுப்பில் சேராதவர்" என்று பட்டியல் போட்டு எங்களுக்கே அனுப்பினார்கள். அவன் அம்மாவிடம் போய் "பையன் ஏன் படிக்கலை?" என்று கேட்டுத் திட்டு வாங்கினேன். உயர்கல்விக்கு ஒன்றிய அரசு நடத்தும் ஆய்ஷே கணக்கெடுப்பு 2021-22இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம் என்று சொன்னது. நாட்டின் சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அந்த 47இல் என் 38 பேரில் யார் இருக்கிறார்கள் என்று அதற்குள் தேட முடியாது.

விவரம் தொடராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெண்ணின் கதை. பெயர் வேண்டாம்.

2022 செப்டம்பர் 5ஆம் தேதி புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பள்ளிக்கல்வித் துறையின் கணக்கையும் கல்லூரியின் கணக்கையும் ஒட்டவைத்தால்தான் இது நடக்கும். பெரும்பாலான பெண்களுக்கு எமிஸ் எண்ணைப் போட்டதுமே வேலை முடிந்தது. இவளுக்கு முடியவில்லை. கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம் ஒரு மத்தியானம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

சிக்கல் இனிஷியலில். அப்பா பெயர் மாரியப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ரிஜிஸ்டரில் பெயருக்கு முன்னால் 'மா.' ஆதாரில் பெயருக்குப் பின்னால் மாரியப்பன் முழுசாக. வங்கிப் புத்தகத்தில் பெயருக்குப் பின்னால் வெறும் எம். கல்லூரி விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அதில் யாரோ ஊர்ப் பெயரை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். மனிதர்களுக்கு நாலும் ஒரே பெண். மென்பொருளுக்கு நாலு பெண்கள். இது போதாதென்று ஆறாம் வகுப்பை மட்டும் மலைமேல் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்திருந்தாள். அது வேறு துறையின் பள்ளி. அந்த ஒரு வருஷத்துக்குச் சான்று வாங்க மலைக்குப் பஸ், அங்கே ஹெச்.எம். மீட்டிங் போயிருந்தார் என்று திரும்பி வந்து மறுபடியும் பஸ். ஆதார் திருத்த வட்டத் தலைநகருக்கு இரண்டு நடை. பணம் வர ஐந்து மாதம் ஆனது. "இதுக்கே ஆயிரம் ரூபா ஆயிடுச்சு சார்" என்று சிரித்தாள். அவள் சிரித்துவிட்டாள், எனக்கு வரவில்லை. தரவுகளை இணைக்கிறோம் என்று பேசுகிறவர்கள் எல்லாரும் முதலில் ஒரு தமிழ்ப் பெயரை இணைத்துக் காட்டட்டும்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. அதற்கும் இதே ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான சான்றுதான். இப்போதெல்லாம் ஒரு பிள்ளையின் ஏழு வருஷப் பள்ளி வரலாறும் கையில் இருந்தால்தான் அடுத்த கதவு திறக்கிறது. அதை ஒவ்வொரு பிள்ளையும் தானே பஸ் ஏறிச் சேகரிக்க வேண்டுமா, துறைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளுமா என்பதுதான் விஷயம்.

துறைகள் பேசிக்கொண்டதையும் ஒருமுறை நேரில் பார்த்தேன். மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தில் "உயர்வுக்குப் படி" என்று ஒன்று நடத்துகிறார்கள். பிளஸ் டூ முடித்தவர்களில் மேலே எங்கும் சேராதவர்களைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டு, கோட்ட அளவில் முகாம் போட்டு, அங்கேயே சேர்த்துவிடுவது. எங்கள் பள்ளி நடுவில் மேல்நிலைப் பள்ளி ஆகியிருந்தது. எங்களுக்கு வந்த பட்டியலில் 11 பெயர். போன் செய்யும் வேலை என்னுடையது.

நாலு பேர் எடுக்கவே இல்லை. ஒருவன் ஏற்கெனவே பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்திருந்தான். பட்டியலுக்குத்தான் தெரியவில்லை. ஒருவன் பெட்ரோல் பங்கில் இருந்தான். "மாசம் ஒன்பதாயிரம் சார், இதை விட்டுட்டு எங்க வரச் சொல்றீங்க?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. ஒரு பெண்ணுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. மார்க் நல்ல மார்க். பழங்குடிச் சான்று கேட்டு எழுதிக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகியும் மனு எங்கேயோ நின்றிருந்தது. வெறும் கையோடு கவுன்சலிங்குக்குப் போக வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். முகாமில் வருவாய்த்துறைக்காரர்கள் ஒரு மேஜை, கல்லூரிக்காரர்கள் ஒரு மேஜை, வங்கி ஒரு மேஜை. நான் அவளை முதல் மேஜையில் உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது மனு எண்ணைத் தேடி எடுத்திருந்தார்கள். இரண்டு வாரத்தில் சான்று வந்தது. இப்போது அரசுக் கல்லூரியில் படிக்கிறாள். 11 பேரில் மூன்று பேர் சேர்ந்தார்கள். அறிக்கையில் பார்த்தால் சின்ன எண். அந்தப் பட்டியல் வராமல் இருந்திருந்தால் மூன்று பேரும் வீட்டில்தான்.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது அது அவ்வளவு சின்னதாக இருந்ததுதான். பெயர், போன் நம்பர், எங்கும் சேரவில்லை என்ற ஒரு குறிப்பு. அவ்வளவுதான். சாதி, வருமானம், வருகைப்பதிவு எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் அதற்கு அப்புறம் பயன் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் எங்கள் ஊரில் வருஷாவருஷம் நடக்கும். பிளஸ் டூ தேர்வு முடிந்த இரண்டாம் நாள் காலையிலிருந்து பெற்றோரின் போன் அடிக்க ஆரம்பிக்கும். கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜ், பெங்களூருவில் ஒரு நர்சிங் ஸ்கூல், சீட் ரெடி, ஹாஸ்டல் ஃப்ரீ, ஸ்காலர்ஷிப் நாங்களே வாங்கித் தருகிறோம். பையன் பெயர், குரூப், ஊர் எல்லாம் சரியாகச் சொல்வார்கள். ஓர் அம்மா நேராக என்னிடம் வந்து, "எங்க நம்பர் அவங்களுக்கு எப்படி சார் போச்சு? உங்ககிட்டதான குடுத்தோம்?" என்றார். எங்கிருந்து போனது என்று எனக்குத் தெரியாது. நான் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அவர் நம்பினமாதிரித் தெரியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

என் அக்கா பேத்தி சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கிறாள். அங்கே ஒன்றிய அரசின் அபார் எண்ணுக்கு ஒரு சம்மதப் படிவம் கொடுத்தனுப்பினார்கள். 12 இலக்கம், ஆதாரை வைத்து உருவாகும், மழலை வகுப்பிலிருந்து பட்டம் வரை எல்லா மதிப்பெண்ணும் அதில் சேரும். கட்டாயம் இல்லை, பெற்றோர் விரும்பினால் மட்டும் என்று அதிகாரபூர்வமாகச் சொல்கிறார்கள். பள்ளியோ "நாளைக்குள் கையெழுத்து வேண்டும்" என்று மெசேஜ் அனுப்பியது. விருப்பத்துக்கு நாளை என்று கெடு வைப்பதை அங்கேதான் பார்த்தேன். பள்ளியில் சேர ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2018இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரத்துக்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. ஆனால் அரசு தரும் சலுகைகளுக்கும் கல்வி நிலையங்களுக்கும் அதில் விலக்குகள் உண்டு. எங்கள் ஊர்க்காரர்கள் அந்த விலக்குகளுக்குள் வசிப்பவர்கள்.

இங்கிலாந்தில் பள்ளி மாணவர் விவரத்தை வருமான வரிக் கணக்கு வரை இணைத்திருக்கிறார்கள். எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு படித்தவர் சில வருஷம் கழித்து என்ன சம்பாதிக்கிறார் என்று அங்கே சொல்ல முடியும். ஐ.டி.ஐ.யா பிளஸ் ஒன்னா என்று தவிக்கும் எனக்கு அது பொறாமையாக இருக்கிறது. அதே நாட்டில்தான் 2016இல் பள்ளிப் பிள்ளைகளின் குடியுரிமையையும் பிறந்த நாட்டையும் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகளின் முகவரி குடியேற்றத்தைக் கண்காணிக்கும் உள்துறைக்குப் போகிறது என்பது வெளியே வந்து பெற்றோர் கொதித்தார்கள். 2018இல் அந்தக் கேள்வியைக் கைவிட வேண்டி வந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் செங்கல் சூளைக்கும் மில்லுக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். பள்ளியில் கொடுத்த விவரம் வேறெங்கோ போகும் என்று ஒருமுறை வதந்தி கிளம்பினால் போதும், அந்தப் பிள்ளைகள் மறுநாள் வகுப்பில் இருக்க மாட்டார்கள்.

அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் வகுப்பில் படித்தவர்கள் எத்தனை பேர் எங்கே சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், வருஷத்துக்கு ஒரு தாள் திரும்பி வரட்டும். பெயர்கூட வேண்டாம். படிப்பு நின்றுபோனவர்களுக்கு மட்டும் பெயர் வரட்டும், நான் போய்ப் பார்க்க. அப்புறம், நம்பர் எப்படிப் போச்சு என்று கேட்ட அந்த அம்மா தன் பிள்ளையின் விவரத்தை யார் யார் எடுத்துப் பார்த்தார்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு திரை வேண்டும். இப்போது சில வருஷமாக எமிஸ் வேலையை ஹைடெக் லேபுக்கு வந்த தனி ஆட்கள் பார்க்கிறார்கள். எனக்குப் பெரிய விடுதலை. ஆனால் காமன் பூலில் கிடக்கும் பிள்ளையின் வீடு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

2025 ஜூனில் பள்ளி திறந்த வாரம், காம்பவுண்டை ஒட்டியிருக்கும் தொடக்கப் பள்ளியின் ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டார். "உங்க பழைய ஸ்டூடண்டாம், உங்களைக் கேக்குது" என்றார். போனேன். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை. என் 38இல் ஒருத்தி.

அவள் பெயருக்குப் பக்கத்தில் நான் 2018லேயே குறித்துவிட்டேன். டவுன் மேல்நிலைப் பள்ளி, பிளஸ் ஒன், காமர்ஸ். நாங்கள் டி.சி. போட்ட அன்றே அந்தப் பள்ளி அவளைக் காமன் பூலிலிருந்து எடுத்துக்கொண்டது. பத்து நிமிஷம்கூட அவள் அங்கே கிடக்கவில்லை. எங்கள் அறிக்கையில் மேற்படிப்பு. நோட்டில் டிக். தெரிந்த 23 பேரில் அவள் ஒருத்தி.

"எத்தனை வரைக்கும்மா படிச்ச?" என்றேன்.

"தீபாவளி வரைக்கும் சார். பஸ்ஸு சரியா இல்ல, பாட்டிக்கும் முடியல. அடுத்த வருஷமே கட்டிக் குடுத்துட்டாங்க."

அடுத்த வருஷம்தான் எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் வந்தது. நான் அதைச் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் தாயின் கல்வித்தகுதி என்ற இடத்துக்கு வந்து பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "ப்ளஸ் ஒன்னுன்னு போடலாமா சார், பத்துன்னு போடணுமா?" என்றாள்.

பத்து என்று போடச் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து அவள் பெயருக்கு நேரே இருந்த டிக்கை ரப்பரால் அழித்தேன். ஏழு வருஷப் பென்சில், சரியாக அழியவில்லை.